காப்புரிமை எடுக்காத பாதம்

மன்னாரில் ஒரு பாதத்துக்கு என்னென்ன வேலை இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். பேசாலைக் கரையில் வள்ளத்தைத் தள்ளும்போது முழங்கால் வரைக்கும் உப்புத்தண்ணி. கரைவலை இழுக்கும்போது குதிக்கால் மணலுக்குள் புதைந்து முழு உடம்பின் பாரத்தையும் தாங்க வேண்டும். வலை பொத்தும்போது நிலத்தில் காலை மடக்கி மணித்தியாலக்கணக்கில் இருக்க வேண்டும். பாலம் தாண்டி முருங்கன் பக்கம் போனால் வயல், ஒட்டிப் பிடிக்கும் களி. தேவாலயத்தில் முழந்தாளில் நிற்க வேண்டும். பள்ளிவாசலில் தொழுகைக்கு மடங்க வேண்டும். திருக்கேதீச்சரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுடுமணலில் வீதி சுற்ற வேண்டும். கிணற்றடி, குசினி, கக்கூஸ் எல்லாவற்றிலும் குந்தியிருக்க வேண்டும். சப்பாத்துப் போட்டுக்கொண்டு செய்கிற வேலை இதில் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா?

இப்போது அந்தப் பாதம் மிதிவெடியில் போய்விட்டது என்று வையுங்கள். அல்லது சீனி வருத்தத்தில் எடுக்க வேண்டி வந்துவிட்டது. பதிலுக்கு ஒன்று வேண்டும். அது எங்கிருந்து வரும்?

ஒரு பொருளைக் கண்டுபிடித்தது யார் என்பது பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த கேள்வி. அதைச் செய்தது யார், எந்தப் பட்டறையில் செய்தார்கள், உடைந்தால் திருத்துவது யார் என்பதை யாரும் சொல்லித்தந்ததில்லை. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், பொறியியல் எங்களுக்கு வராது. ஆனால் செயற்கைக் காலின் வரலாற்றை வாசிக்க வாசிக்க எங்களுக்கு ஒன்று பிடிபட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் தோற்பதில்லை. ஆய்வுகூடத்துக்கும் பட்டறைக்கும் நடுவில்தான் அவை காணாமல் போகின்றன.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் கை கால் இழந்து வந்த படையினர், தங்களுக்குத் தரப்பட்ட செயற்கை உறுப்புகள் உதவாதவை என்று சத்தம் போட்டார்கள். நியாயமான சத்தம். அதுவரைக்கும் செயற்கைக் கால் என்பது தனித்தனிக் கைவினைக்காரர்களின் தொழில். அதற்குப் பின்னால் பெரிதாக ஆராய்ச்சி எதுவும் கிடையாது. 1945இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஊடாக அரசு ஒரு ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேர்ன் இன்மன் என்ற எலும்பு மருத்துவரும் ஹோவர்ட் எபர்ஹார்ட் என்ற பொறியியலாளரும் மனிதர் எப்படி நடக்கிறார்கள் என்பதை அளக்கத் தொடங்கினார்கள். எபர்ஹார்ட் போர்க்கால ஆய்வு ஒன்றின்போது விபத்தில் தன் காலை இழந்தவர். அதாவது ஆராய்ச்சி மேசையிலேயே பாவனையாளர் ஒருவர் இருந்தார். இதை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

அந்த ஆய்வுகூடத்திலிருந்து 1950களில் வந்ததுதான் 'சாச்' எனப்படும் பாதம். நடுவில் மரக்கட்டை, குதியில் மெத்தை போல ஒரு மென்மையான ஆப்பு. கணுக்காலில் அசையும் மூட்டே இல்லை. மெத்தை அமுங்குவதுதான் அசைவு. பாகங்கள் குறைவு என்பதால் தொழிற்சாலையில் அளவு அளவாகச் செய்து பெட்டியில் போட்டு அனுப்பலாம். ஆய்விலிருந்து உற்பத்திக்கு ஒரு பொருள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததற்கு இது நல்ல உதாரணம். பணம் அரசு தந்தது, அளவுகள் பல்கலைக்கழகம் தந்தது, செய்தது கொம்பனிகள், வாங்கியது பழைய படையினருக்கான அரசுத் திணைக்களம். சங்கிலியில் எந்த வளையமும் அறவில்லை.

ஒன்றே ஒன்று. அந்தப் பாதம் சப்பாத்துக்குள் இருக்கவென்று செய்யப்பட்டது.

ஜெய்ப்பூரில் சவாய் மான் சிங் ஆஸ்பத்திரியின் எலும்பு மருத்துவர் பிரமோத் கரண் சேத்தி 1960களில் இதைத்தான் கண்டார். இறக்குமதிப் பாதம் போட்டு அனுப்பிய ஆட்கள் சில மாதம் கழித்து ஊன்றுதடியோடு திரும்பி வந்தார்கள். வயலில் சப்பாத்து அழுகிப் போனது. சப்பாத்தைக் கழற்றினால் பாதம் தண்ணியில் ஊறியது. குந்த முடியவில்லை, சப்பாணி கட்டி இருக்க முடியவில்லை. வீட்டுக்குள், கோயிலுக்குள் சப்பாத்தோடு எப்படிப் போவது?

(இங்கே ஒரு சின்ன விலகல். காலை மடக்கி நிலத்தில் அமர்வதை நாங்கள் 'சப்பாணி கட்டி இருக்கிறது' என்கிறோம். நடக்க முடியாதவரைப் பழிப்பதற்கும் அதே 'சப்பாணி'தான். ஒரே சொல், ஒன்று எல்லாரும் ஆறுதலாக இருக்கிற இருப்பு, மற்றது வசவு. ஜெய்ப்பூர் பாதம் பற்றி ராமன் ஸ்ரீனிவாசன் எழுதிய வரலாற்றுக் கட்டுரையின் தலைப்பிலும் தொழில்நுட்பம் சப்பாணி கட்டித்தான் இருக்கிறது. தலைப்பைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரே சிரிப்பு, பிறகு கொஞ்சம் வெட்கம்.)

சேத்திக்குக் கிடைத்த கூட்டாளி ராம் சந்திர சர்மா. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைவேலை பழக்க வந்த சிற்பக் கைவினைஞர், பள்ளிப் படிப்பு மிகக் குறைவு, எல்லாருக்கும் 'மாஸ்டர்ஜி'. பாதத்துக்கு எந்தப் பொருள் சரிவரும் என்று தேடிக்கொண்டிருந்தபோது ரயர் திருத்தும் கடையொன்றில் றப்பரைச் சூடாக்கி அச்சில் இறுக்குவதைக் கண்டு அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். யோசனை வந்த நேரம் எதுவாகவும் இருக்கட்டும், 1968 அளவில் பாதம் உருவாகிவிட்டது. குதிக்கும் முன்பாதத்துக்கும் பஞ்சு றப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை, எல்லாவற்றையும் சுற்றி ரயர் செய்கிற நூல்பிடித்த றப்பர், வெளியே தோல் நிறத்தில் இன்னொரு படை. அச்சுக்குள் வைத்து வேகவைத்து எடுத்தால் விரல் பிரிந்த, வெறுங்காலாகத் தெரிகிற ஒரு பாதம். தண்ணிக்குப் பயமில்லை. எல்லாப் பக்கமும் வளையும். மேலே காலுக்கு முதலில் அலுமினியத் தகடு, அதை அடித்து வளைப்பதற்கு உள்ளூர்த் தட்டார்கள். பின்னாளில் அலுமினியத்தின் இடத்தைத் தண்ணீர்க் குழாய் செய்கிற தடித்த பிளாஸ்ரிக் பிடித்தது.

எல்லாரும் இந்த இடத்தில் கைதட்டிக் கதையை முடித்துவிடுவார்கள். எங்களுக்கு உண்மையான வரலாறு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1968இலிருந்து 1975 வரை, ஏழு வருடத்தில், இந்தப் பாதம் ஏறக்குறைய ஐம்பது பேருக்குத்தான் பொருத்தப்பட்டது. ஐம்பது! பாதம் நல்லது, விலை குறைவு, மூலப்பொருள் தெருவில் கிடைக்கிறது. பிறகு ஏன்? ஏனென்றால் அது ஒரு ஆஸ்பத்திரிப் பிரிவின் பின்கட்டில் செய்யப்பட்டது. அதைச் செய்வதற்கென்று, அதற்காகவே காலையில் கதவு திறக்கிற ஒரு இடம் இருக்கவில்லை.

1975இல் தேவேந்திர ராஜ் மேத்தா என்ற அரச அதிகாரி பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கினார். 1969இல் வீதி விபத்தொன்றில் அவருடைய காலே போய்விடும் நிலை வந்திருந்தது. மறுபடியும் மேசையில் பாவனையாளர், அல்லது கிட்டத்தட்டப் பாவனையாளர். அந்த அமைப்புச் செய்த புதுமை பாதத்தில் இல்லை, முறையில்தான். தூர ஊரிலிருந்து வருகிறவர் எந்த நேரம் வந்தாலும் உள்ளே எடுப்பது, தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பது, கால் பொருத்தி நடக்க வைத்து அனுப்புவது, காசு வாங்காமல் விடுவது. கூலிவேலை செய்பவர் ஒரு காலுக்காக நாலு தரம் பயணம் போக மாட்டார் என்பதை யாரோ ஒருவர் விளங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஐம்பது இலட்சங்களாகப் போனது.

சேத்தி பாதத்துக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. யாரும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். 1978இல் அவரும் கூட்டாளிகளும் செய்முறையைச் சர்வதேச ஆய்விதழொன்றில் எழுதி வெளியிட்டார்கள். 1981இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. எங்கள் அம்மாமாருக்கு ஆய்விதழும் விருதும் தெரியாது, ஆனால் சுதா சந்திரனைத் தெரியும். 1981இல் பஸ் விபத்தில் காலை இழந்த பரதநாட்டியக்காரி, ஜெய்ப்பூர் பாதத்தோடு திரும்ப மேடையேறி, பிறகு 'மயூரி' படத்தில் தன் கதையைத் தானே நடித்தார். ஒரு பொருள் உற்பத்திக்குப் போவதற்கு இப்படியான விளம்பரமும் வேண்டியிருக்கிறது போல.

இனி இந்தப் பக்கத்துக்கு வருவோம். கொழும்பில் 1831இல் தொடங்கிய 'பிரெண்ட் இன் நீட்' சங்கம் 1980களின் நடுவில் ஜெய்ப்பூர் கால் செய்யத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் நிலையம் வந்தது. வருடத்தைக் கவனியுங்கள். யுத்தம் தொடங்கி நாலு வருடம், இந்தியப் படை வந்திறங்கிய வருடம். கால் தேவைப்படுவோர் எண்ணிக்கை கூடிக்கொண்டு போன நேரத்தில், கால் செய்வதற்கு வேண்டிய சாமான்கள் வருகிற பாதை ஒடுங்கிக்கொண்டு போனது. 1990களில் பற்றரி, சீமெந்து, எரிபொருள் எல்லாம் தடைப்பட்டிருந்த வடக்கில் தொழிற்சாலைப் பெட்டியில் வருகிற பாதத்தை நம்பி இருந்திருக்க முடியுமா? அச்சு, றப்பர், தகடு, சுத்தியல், இரண்டு கை தெரிந்த ஆள் என்று சுருங்கிய ஒரு தொழில்நுட்பமே அங்கே தாக்குப்பிடிக்கும். வன்னியில் வெண்புறா நிறுவனம் செயற்கைக் கால் செய்துகொடுத்ததைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். காப்புரிமை இல்லாத ஒன்றுக்கு இப்படியும் ஒரு பலன்: யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, எந்த எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றாலும்.

மன்னாருக்கு அந்தக் கோடு வீட்டுக்குள்ளேயே ஓடியது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. புதுப் பாலம் திறந்தது 2010இல். அதே 1990 ஒக்ரோபரில் மன்னாரின் முஸ்லிம் சனம் முழுவதும் வெளியேற்றப்பட்டது. பிந்திய வருடங்களில் தீவும் நகரமும் ஒரு கட்டுப்பாட்டில், உள்நிலப்பகுதி இன்னொரு கட்டுப்பாட்டில், நடுவில் உயிலங்குளம் சோதனைச் சாவடி. ஒரே மாவட்டத்து ஆட்கள் இரண்டு பேர் ஒரே மாதிரி மிதிவெடியில் கால் இழந்தால், இருவரும் இரண்டு திசையில் போக வேண்டிய காலம் அது. காலைச் செய்கிற இடம் எங்கே இருக்கிறது என்பது வரைபடக் கேள்வி மட்டும் இல்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

றப்பரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த றப்பர்க் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டக் கதைக்கு அது ஆரம்ப அத்தியாயம். இன்றைக்கு இலங்கை திட ரயர் செய்து உலகம் முழுக்க விற்கிறது. ரயர்க் கடையில் பிறந்த ஒரு பாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான தாய்வீடு எது? அப்படியிருந்தும் எங்கள் கால்களின் கதை, வெளியிலிருந்து வருகிற பாகங்களோடும் நன்கொடைகளோடும் கட்டுண்டு கிடக்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு திணறியபோது இறக்குமதி மருந்துக்கே வரிசையில் நின்றோம். இறக்குமதிக் காலைப் பற்றி யார் பேசினார்கள்?

ஜெய்ப்பூர் பாதத்தைத் தெய்வமாக்குவது எங்கள் நோக்கம் இல்லை. கையால் செய்யும் பொருள் கைக்குக் கை மாறும். ஒரு பட்டறையின் பாதம் ஐந்து வருடம் உழைக்கும், இன்னொரு பட்டறையின் பாதம் ஒரு வருடத்தில் வெடிக்கும். 2000களின் தொடக்கத்தில் வந்த கள ஆய்வுகள், குழாய்ப் பிளாஸ்ரிக்கில் செய்த கால்களை, முக்கியமாகத் தொடைக்கு மேலே எடுத்தவர்களுக்கான கால்களை, கடுமையாக விமர்சித்தன. பாதம் நல்லதாக இருக்கலாம். ஆனால் மிஞ்சிய காலைச் செருகும் குழி சரியாக இல்லாவிட்டால் தோல் புண்ணாகும், ஆள் காலைக் கழற்றி மூலையில் சாத்திவிடுவார். ஒரு நாளைக்கு இத்தனை கால் கொடுத்தோம் என்று முகாம் நடத்திக் கணக்குச் சொல்வது சுலபம். ஒரு வருடம் கழித்து அதில் எத்தனை பேர் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பது வேறு வேலை.

இந்த இடத்தில்தான் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதை வேறாகிறது. அவர்கள் பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்கில் எல்லா நாட்டுக்கும் பொதுவான பாகங்களைச் செய்து, அவற்றைப் பொருத்துவதற்கு உள்ளூர் ஆட்களைப் பழக்கினார்கள். 2004இல் அந்தத் தொழில்நுட்பத்துக்கு பிளாட்ச்போர்ட் பரிசு கிடைத்தது. யாழ்ப்பாண நிலையமும் பிறகு அவர்களுடைய உதவியோடு இயங்கியது. தரம் ஒரே மாதிரி இருக்கும், அது பெரிய விஷயம். விலை என்னவென்றால், பாகம் வெளியிலிருந்து வர வேண்டும். அதே 2004இல் ராகமவில் செயற்கை உறுப்புப் பொருத்துநர்களுக்கான பாடசாலை திறந்தது. எங்களுக்கு இது ஒரு புதுப் பாதம் கண்டுபிடித்ததற்குச் சமம். ஆள் இல்லாமல் கருவி எங்கே போய் நிற்கும்?

ஆய்வுகூடத்திலிருந்து ஒப்பந்தம் போட்டு இறங்கிவந்த கதைகளும் உண்டு. ரொக்கெட் விடுகிற இஸ்ரோ, தன்னிடம் இருந்த பொலியூரித்தேன் நுட்பத்தை 2002இல் ஜெய்ப்பூர் அமைப்புக்குக் கொடுத்தது. பாரம் குறைந்த, அச்சில் வார்க்கிற பாதம். பத்திரிகைகளுக்கு அல்வா மாதிரித் தலைப்பு: விண்வெளியிலிருந்து பாதத்துக்கு! ஆனால் பழைய றப்பர்ப் பாதம் இன்றும் செய்யப்படுகிறது. மூலப்பொருளை மாற்றுவது என்றால் பட்டறையை, இயந்திரத்தை, ஆளின் கைப்பழக்கத்தை எல்லாம் மாற்றுவது. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அது நடந்துவிடாது.

அடுத்தது ஸ்ரான்போர்ட் மாணவர்கள் வகுப்புத் திட்டமாக வடிவமைத்த முழங்கால். எண்ணெய் ஊறிய நைலோனில், சில ஆணிகளும் நட்டுகளும் போட்டுப் பூட்டுகிற எளிய மூட்டு. ரைம் சஞ்சிகை 2009இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் அதைச் சேர்த்தது, விலை இருபது டொலர் என்று. பட்டியலில் பெயர் வந்த பிறகும் அதைப் பெருந்தொகையாக, ஒரே தரத்தில் செய்வதற்காக டி-ரெவ் என்ற இன்னொரு அமைப்பு வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வடிவமைக்க வேண்டி இருந்தது. அந்த வருடங்களைப் பற்றி எந்தச் சஞ்சிகையும் பட்டியல் போடவில்லை.

எங்களுக்கு மிகக் கிட்டிய உதாரணம் சென்னை ஐஐரி. அங்கே பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் இயங்கும் ரிரிகே மறுவாழ்வு ஆய்வு மையம், மேலே நாங்கள் சொன்ன பள்ளத்தைக் குறிவைத்தே வேலை செய்கிறது. 'அரைஸ்' என்ற எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியை அவர்கள் வடிவமைத்தார்கள்; பிறந்த குழந்தைகளுக்கான மருத்துவக் கருவி செய்கிற சென்னைக் கொம்பனியான பீனிக்ஸ் அதை 2019இல் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. வேறொரு வடிவத்துக்கு ஏற்கெனவே இருக்கும் கொம்பனியைத் தேடாமல், நியோமோஷன் என்ற புதுக் கொம்பனியைத் தாங்களே தொடங்கினார்கள். சக்கர நாற்காலியின் முன்னால் பூட்டி வீதியில் ஓடக்கூடிய மோட்டார் பாகத்தை அது விற்கிறது. மூன்றாவதாக 'கடம்' என்ற முழங்கால், 2022. அதைச் செய்வது பெங்களூரில் மாற்றுத்திறனாளிகளோடு பல வருடம் வேலை செய்த மொபிலிற்றி இந்தியா. 160 பாகை வரைக்கும் மடங்கும், 760 கிராம் பாரம், முப்பது இலட்சம் தரம் மடக்கிப் பரிசோதித்தது. 160 பாகை என்றால் என்ன? மேலே சொன்ன கிணற்றடியும் பள்ளிவாசலும்தான்.

மூன்று பொருள், மூன்று விதமான உற்பத்தியாளர். எந்தப் பொருளுக்கு எந்தக் கை என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். சேத்தியின் பாதம் ஏழு வருடம் தூங்கிய தூக்கத்தை யாரோ பாடமாகப் படித்திருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவு. 1914இலிருந்து 1964 புயல் வரைக்கும் கொழும்பில் ரெயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரெயில் பிடித்துச் சென்னை போகலாம். ஜெய்ப்பூர் கால் இந்தப் பாதையால் வரவில்லை. கொழும்பைச் சுற்றி வந்தது. இன்றைக்குச் சென்னையில் வடிவமைக்கிற நாற்காலி மன்னாருக்கு வர வேண்டும் என்றாலும் அதே சுற்றுத்தான், அதோடு சுங்கத் தீர்வையும்.

வந்தாலும் மன்னார் மணலில் ஓடுமா என்று ஒருவர் பார்க்க வேண்டும். இங்கே விழாக்களில் மாலை போட்டுப் படம் எடுத்துக் கொடுக்கப்படுகிற சக்கர நாற்காலியைப் பார்த்திருப்பீர்கள். பளபளவென்ற ஆஸ்பத்திரி நாற்காலி, முன்னால் இரண்டு குட்டிச் சில்லு. சீமெந்துத் தரைக்கு அது நல்லது. ஒழுங்கையில் இறக்கினால் குட்டிச் சில்லு மணலுக்குள் புதையும், ஆள் முன்னால் கவிழ்வார். உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டினால் இரும்பில் கறள். படம் எடுத்தவர்கள் அதற்குள் அடுத்த தேர்தலுக்குப் போயிருப்பார்கள்.

இதற்கும் மறுமொழி உலகத்தில் இருக்கு. அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் ஹொட்ச்கிஸ் 1966இல் மோட்டார்சைக்கிள் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்தவர். 1980இல் நிக்கராகுவா போனபோது நாலு இளைஞர்கள் ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொண்டு, உடைகிறதைத் தாங்களே திருத்தி ஓட்டுவதைக் கண்டார். அவர்களோடு சேர்ந்து தொடங்கிய வேலைதான் பிறகு வேர்ல்விண்ட் ஆனது. வடிவங்களுக்குக் காப்புரிமை எடுப்பதில்லை, சைக்கிள் கடையில் கிடைக்கிற பாகங்களால் செய்வது, ஒரு ஊரில் கண்ட திருத்தத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோவது. முன்சில்லு மணலில் புதைகிற பிரச்சினைக்கு அவர்கள் பாவித்தது அகலமான றப்பர்ச் சில்லு. அதற்கு 'சிம்பாப்வே சில்லு' என்று பெயர், ஏனென்றால் வந்தது சிம்பாப்வேப் பட்டறையிலிருந்து. பட்டறையிலிருந்து ஆய்வுகூடத்துக்கு! நாங்கள் இவ்வளவு நேரமும் ஒரு திசையில்தான் அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்தோம்.

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007இல் கையெழுத்து, 2016இல் ஏற்புறுதி. அந்தச் சமவாயத்தின் 4ஆம் உறுப்புரை கட்டுப்படியான விலையில் புதிய கருவிகளை ஆராய்வதையும் கிடைக்கச் செய்வதையும் அரசின் கடமையாக்குகிறது. 20ஆம் உறுப்புரை, கருவி செய்கிற உற்பத்தியாளர்கள் இவர்களுடைய நடமாட்டத்தின் எல்லாப் பக்கங்களையும் கணக்கில் எடுக்கும்படி அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. எல்லாப் பக்கங்களும் என்றால் அதில் வள்ளம் தள்ளுவதும் அடங்கும் என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடைச் சமவாயத்திலும் சேர்ந்தது. வெடியைக் கிண்டி எடுப்பதோடு, அதில் காயப்பட்டவர்களுக்கு உதவுவதும் அதில் எழுதியிருக்கிறது.

மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில் செயற்கை உறுப்புகளை ஆராயும் ஆய்வுகூடம் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது; பூநகரி வழியாக மன்னாரிலிருந்து ஒரு பஸ் பயணம். வருடாவருடம் இறுதியாண்டுச் செயற்திட்டம் எழுதுகிற நண்பர்கள் எங்களுக்கு அங்கே இருக்கிறார்கள். திட்டம் முடிந்து, புள்ளி போட்டு, மாதிரி வடிவம் அலுமாரிக்குள் போகும். ஒவ்வொரு அலுமாரியும் ஒரு குட்டி 1968. பேசாலையில் வள்ளம் திருத்துகிற ஃபைபர் பட்டறைகள் இருக்கின்றன, நகரத்தில் ரயர்க் கடைகள், ஒட்டுக் கடைகள் இருக்கின்றன. உப்புத்தண்ணிக்கு எது தாங்கும், எது தாங்காது என்று அங்கே கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அந்த அலுமாரிக்கும் இந்தக் கடைக்கும் இடையில் போய்வருவதற்கு என்று சம்பளம் வாங்குகிற ஒரு ஆள்கூட இல்லை. எந்திரவியல் தெரியாத எங்களைப் போன்றவர்கள், ஊர்ப் பேச்சு தெரிந்தவர்கள், கடைசியில் செய்யக்கூடிய வேலை இதுவாகவும் இருக்கலாம்.

செஞ்சிலுவைக் குழுவின் கணக்கு ஒன்று உண்டு. வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புதுக் கால் வேண்டும், பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒன்று. பத்து வயதில் கால் இழந்த பிள்ளைக்கு வாழ்நாளில் இருபத்தைந்து கால் அளவு தேவைப்படும். 2009இல் பத்து வயதாக இருந்த பிள்ளை எங்களுக்கு நாலைந்து வயது மூத்த அக்காவோ அண்ணாவோ. கணக்குப்படி அந்த இருபத்தைந்தில் பாதி தாண்டியிருக்க வேண்டும். அடுத்ததற்கு அளவு எடுக்க எந்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டும் என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.